மின்தேர் மாட்டுத் தராசேறிய படலம்

புகையறியாத் தேரை ஊர்ந்தவனும், பெட்ரோல் பங்கின் வாசலை நிமிர்ந்த தலையோடு கடந்து சென்றவனும், முப்பதாண்டு மருந்துக்கடையில் மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தந்தும் ஒரு துகள் சிந்தாத கையனும், இகெரோன் பேட்டை ஏற்றத்தின் எண்ணிறந்த குழிகளை இடமும் வலமுமாய் ஒதுக்கி வென்ற சாரதியும், நூரியின் கணவனுமாகிய எலியோதோரோ உமான்யாவைப் பாடுகிறேன். கேட்பவர் செவிக்குக் குளிர்ச்சி உண்டாகுக, பாடுகிற எனக்குக் கோப்பை நிறையக் காப்பி உண்டாகுக. ஆற்றைக் கடக்க அஞ்சியவரைத் தோளில் சுமந்த புனித கிறிஸ்தோபரே, ஓட்டுநர் காவலரே, கண்ணாடிக்குக் கீழே காந்தத்தால் ஒட்டிக்கொண்டு எங்கள் வண்டிகளிலெல்லாம் நடுங்கிக்கொண்டே வருபவரே, என் சொல்லில் மேடுபள்ளம் வராமல் பார்த்துக்கொள்ளும். சாலையைத்தான் உம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நாட்டுவளம் சொல்லாமல் போரைத் தொடங்கினால் பெரியவர்கள் கோபிப்பார்கள், ஆகவே சொல்லிவிடுகிறேன். மே மாதம் இறங்கும் மழை நவம்பர் வரை ஏறாத இகெரோன் பேட்டையிலே, தேவாலயத்து வாசலில் தொடங்கிக் காப்பித் தோட்டங்களை ஊடறுத்து மாட்டுச் சந்தை வரை நிமிர்ந்தெழும் அந்த ஏற்றத்திலே, குழிதோறும் நீர் தேங்கும். நீர்தோறும் வாத்து நீந்தும். வாத்துதோறும் ஒரு நாய் பாயும். நாய் பாய்ந்து தெறித்த சேறு பூசைக்குப் போகிறவர் சட்டையில் பூவேலை செய்யும். குழிகளுள் மூத்ததற்கு ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றி, வாழ்த்துப் பாடி, கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடி, நகராட்சிக்கும் ஒரு துண்டு பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். கேக் தீர்ந்தது, குழி தீரவில்லை. ஐந்தாம் பிறந்தநாளுக்குப் பிறகு நகராட்சி மனமிரங்கி, சிமெண்ட் எங்களுடையது, மணலும் கல்லும் ஆள்கூலியும் உங்களுடையது என்று சொல்லி அனுப்பியது. அன்றிலிருந்து வண்டி வைத்திருக்கும் வீடெல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ச் சங்கத்தில் சாலைப் பங்கு கட்டி வந்தன.

இனி வீரனின் தேர். பாதாதிகேசமாகச் சொன்னால்: பாதம் நான்கும் கருஞ்சக்கரம், மேனி காய்ச்சிய பாலின் ஏடு, விழியிரண்டும் பகலிலும் அணையாத வெண்சுடர், மூக்கிருக்க வேண்டிய இடத்தில் மூக்கில்லை, ஏனெனில் அது மூச்சுவிடுவதில்லை, உச்சியில் சுறாத்துடுப்பு ஒன்று, அது எதற்கென்று எலியோதோரோவுக்கே தெரியாது. ஓடினால் ஓசையில்லை. அந்த ஓசையின்மையை நம்பிப் பேட்டையின் கோழிகள் சில உயிர்விட்டன. அவற்றுக்கெல்லாம் அவர் உரிய விலை கொடுத்தார்.

தேரை வாங்கியதில் மருந்துக்கடை விற்ற பணம் முழுதும் போயிற்று. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அரிசிக்கும் பீன்ஸுக்கும் மின்கட்டணத்துக்கும் ஒற்றைச் சாலைப் பங்குக்கும் சரியாயிற்று. வீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நிதி: நூரி பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து, ஒழுகும் சமையலறைக் கூரையை மாற்றுவதற்கென்று பிஸ்கட் டின்னில் சேர்த்த பணம். தேர் வாசலுக்கு வந்த அன்று, கன்னிமாதா படத்தின் முன்னே நின்று, வலக்கையை உயர்த்தி, எலியோதோரோ சபதம் செய்தார்.

"பெட்ரோல் கெடயாது, ஆயில் கெடயாது, ஒண்ணும் கெடயாது நூரி. வாங்கறது ஒண்ணுதான் செலவு. இதுக்கப்புறம் இந்த வண்டிக்காக உன் கூரைப் பணத்துல ஒரு கொலோன் கேட்டேன்னா நான் மனுஷனே இல்ல."

நூரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பாக்கலாம்" என்றாள்.

ஐயகோ, அந்தப் பாக்கலாம்! மண்ணுக்கும் பொன்னுக்கும் மூண்ட போர்கள் உலகில் ஏராளம். ஆனால் தாலிகட்டி, இல்லை, மோதிரம் மாற்றி முப்பத்தைந்தாண்டு உடன்வாழ்ந்த ஒருத்தி கோபமில்லாமல், குரலுயர்த்தாமல், ஊசியைப் பார்த்தபடியே சொன்ன ஒற்றைச் சொல் ஓர் ஆண்மகனின் முதுகெலும்பில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அவன் தூக்கத்திலும் குனிந்தே நடப்பான் என்பதைத் திருமணமானவர்கள் அறிவார்கள். அன்று முதல் எலியோதோரோவுக்கு இருந்த ஒரே இலட்சியம் அந்த டின்னை மூடியபடியே வைத்திருப்பது.

இந்த நிலையில்தான் பகை எழுந்தது. அபேல் சின்ச்சிய்யா என்பது அதன் பெயர். டீசல் மணக்கும் மார்பன், விடியுமுன் வெண்கலக் குரலால் கோழியைக் கூவ விடாதவன், சனிக்கிழமைச் சந்தையில் சௌசௌவையும் முட்டைக்கோசையும் மலையாய்க் குவித்து விற்பவன், துருவே தூணாக நிற்கும் சாம்பல்நிறப் பிக்கப்பின் ஏகச் சக்கரவர்த்தி. ஜூலை மாதத்துச் சங்கக் கூட்டத்தில், காப்பியும் சோளரொட்டியும் சுற்றிவந்து முடிந்த நல்லவேளையில், இந்த அபேல் எழுந்து, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அவன் தொப்பி கழற்றினால் விவகாரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மருந்துக்காரர் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல," என்றான். "நியாயத்தைச் சொல்றேன். என் பிக்கப்பு ஒரு லிட்டர் டீசல் குடிச்சா, அதுல ரோட்டுக்குன்னு ஒரு பங்கு பம்புல நிக்கறப்பவே புடுங்கிக்கறாங்க. இவரு வண்டி என்ன குடிக்குது? ராத்திரி பூரா செவுத்து ஓட்டையில வாய வச்சு சத்தமில்லாம உறிஞ்சுது. ரோட்டுக்குன்னு ஒரு கொலோன் குடுக்குதா? அதே ஏத்தம், அதே குழி. பழைய வண்டி வச்சிருக்கற நான் பம்புலயும் கட்டணும் சங்கத்துலயும் கட்டணும், பளபளன்னு புது வண்டி வச்சிருக்கறவரு சங்கத்துல மட்டும் கட்டிட்டு ஏறிப் போகணுமா? கரண்டு வண்டிக்கு இனிமே வருஷா வருஷம் ரெட்டைப் பங்கு. அவ்வளவுதான் நான் கேக்கறது."

பேட்டையில் கரண்டு வண்டி ஒன்றுதான். அவையின் கண்களெல்லாம் ஒரே நாற்காலியின் மேல் விழுந்தன.

எழுந்தார் எலியோதோரோ. மீசையின் இரு முனையையும் தடவினார். காற்றின் தூய்மை, வருங்காலத் தலைமுறையின் நுரையீரல், அரசு இத்தகைய தேர்களுக்கு மனமுவந்து அளித்த சலுகைகள், அவற்றை நம்பி முதலிட்டவரை முதுகில் குத்துதல் தகுமா என்னும் வினா, இவையனைத்தையும் அவர் அடுக்கிய அழகை இங்கே முழுதும் எழுதினால் காகிதம் போதாது. முடிவில் கொஞ்சம் சொந்தக் கணக்கும் வந்துவிட்டது. பகைவனானாலும் 'தோன்' என்னும் மரியாதை அடைமொழி மட்டும் தவறவில்லை.

"தோன் அபேல், உங்க பிக்கப்பு விடற புகையில எங்க வீட்டு ஜன்னல் துணியெல்லாம் கறுத்துப்போச்சு. அதுக்கு நான் உங்ககிட்ட பங்கு கேட்டேனா?"

"ஜன்னல் துணிய ரோட்டு மேலயா விரிச்சிருக்கீங்க?" என்றான் அபேல்.

அவை சிரித்தது. ஆ, சிரிப்பு என்னும் கொடும்படை! வாள்வீச்சைத் தாங்கியவரும் அதைத் தாங்கியதில்லை. எலியோதோரோவின் கண்முன்னே பிஸ்கட் டின்னின் மூடி மெல்லத் திறக்கத் தொடங்கியது. அந்தக் கலக்கத்தில், எந்தப் பகைவனும் அவருக்குச் செய்யத் துணியாத தீங்கை அவரே தமக்குச் செய்துகொண்டார்.

"ரோட்டைத் தேய்க்கறது பெட்ரோலா?" என்று முழங்கினார். "இல்ல. கனம். கனமான வண்டிதான் ரோட்டை ஒடைக்குது. அப்ப யாரு வண்டி கனமோ அவங்கதானே ரெட்டைப் பங்கு கட்டணும்? நிறுத்துப் பாத்துடலாம். உங்க வண்டி, என் வண்டி. நான் தயார்."

சங்கத்தின் தலைவி தோன்யா ரொசிபெல். வாரநாளில் மாட்டுச் சந்தையின் ஏலக்கூடத்தில் மாடுகளை நிறுத்து ஒலிபெருக்கியில் எடை சொல்பவளும் அவளே. பேட்டையில் எந்தச் சண்டையும் இத்தனை சுலபமாகத் தன் கைக்கு வந்ததில்லை என்பதுபோல் அவள் முகம் மலர்ந்தது.

"லாரியே ஏறுற தராசு எங்கிட்ட இருக்கு," என்றாள். "ஞாயித்துக்கெழமை மாடு வராது. பூசை முடிஞ்சு வாங்க. வண்டியில ஓட்டறவர் மட்டும் இருக்கணும். கனம் எதுவோ அதுக்கு ரெட்டைப் பங்கு, அப்புறம் யாரும் பேசக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க."

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கை தூக்கினார்கள்.

வெற்றி தமதே என்று வீடு திரும்பினார் வீரர். நூரி நடந்ததையெல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுத் தையல் இயந்திரத்தின் சக்கரத்தை நிறுத்தினாள்.

"அந்த பேட்டரி எவ்வளவு கனம் இருக்குங்க?"

"பேட்டரிதானே? கைக்கடியாரத்துல இருக்கற மாதிரிதான். கொஞ்சம் பெருசா இருக்கும்."

"எங்க இருக்கு அது?"

மில்லிகிராமுக்கும் கிராமுக்கும் நடுவே வாழ்நாளைக் கழித்த அந்த மேதை அதுவரை தம் தேரின் அடியில் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தார். முற்றத்து ஈரத்தில் மல்லாந்து படுத்து, கைவிளக்கைத் தூக்கிப் பார்த்தார். அங்கே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, இருவர் படுக்கும் கட்டிலின் அகலத்துக்கு, இரும்பால் போர்த்த ஒரு பேருரு தேரின் வயிறெல்லாம் தானாகப் படுத்துக் கிடந்தது. அவர் வெளியே வந்தபோது முகத்தில் இரத்தமில்லை.

"எவ்வளவு பெருசு?" என்றாள் நூரி.

"பெருசுதான்" என்றார்.

அடுத்து வந்த நாட்களை என்னென்று சொல்வேன். ஏனைய வீரர் போர் மூண்டால் கவசம் பூணுவர். இவ்விரு பகைவரும் களையத் தொடங்கினர். எலியோதோரோ மாற்றுச் சக்கரத்தை இறக்கினார், வண்டி தூக்கும் ஜாக்கியை இறக்கினார், காலடி விரிப்பு, குடை, சார்ஜ் போடும் வடம், கண்ணாடி கழுவும் நீர், இருக்கையுறை என்று ஒன்றன்பின் ஒன்றாய் உரித்து, கடைசியில் திருகாணிகளோடு ஒரு மல்யுத்தம் நடத்திப் பின்னிருக்கையையே பெயர்த்து வரவேற்பறையில் போட்டார். விருந்தாளிகள் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். தேர் இளைத்தது போதாதென்று சாரதியும் இளைக்கப் புகுந்து, காலைச் சோறுபீன்ஸை விட்டார், வாழைப்பழ வறுவலை விட்டார், வெறும் காப்பியில் உயிர் வளர்த்தார். வெள்ளிக்கிழமை மீசையையும் எடுத்துவிட்டார்.

"மீசை என்ன கனம் இருக்கும்?" என்று நூரி கேட்டாள்.

"கிராம்னாலும் கிராம்தான்."

நூரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வெறும் மேலுதட்டைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ செய்தது. இந்த மனுஷன் இத்தனை பாடுபடுவது எதற்காக என்று அவளுக்குத் தெரியாதா? தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்துப் பார்த்தாள். அவர் தள்ளி வைத்தார்.

ஏற்றத்தின் மறுகோடியில் அபேலும் சும்மா இருக்கவில்லை. பிக்கப்பின் பக்கப் பலகைகளைக் கழற்றினான், கூடைகளை இறக்கினான், கருவிப்பெட்டி, கயிறு, பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் அகற்றினான், அடியில் பல மழைக்காலம் படிந்து இறுகிய சேற்றைக் கடப்பாரையால் பெயர்த்துக் கால்வாசித் தோட்டத்துக்கு உரமாகப் போட்டான். துரு தின்றது போகத் தகடு எவ்வளவு மிச்சமென்று அவனுக்கே தெரியாததால் உற்சாகமாக இருந்தான். கடைசியாக ஓர் எண்ணம் தோன்றியது. டீசலுக்கும் கனம் உண்டல்லவா? குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டான்.

ஞாயிறு வந்தது. பழந்தமிழ் மறவர் ஆநிரை கவரப் போகையில் வெட்சிப்பூச் சூடினர். ஆநிரை நிறுக்கும் தராசை நோக்கிப் புறப்பட்ட இவர்களோ, ஒருவர் பூசைச் சட்டையும் மற்றவன் உரக்கடை கொடுத்த தொப்பியும் சூடினர். தேவாலயத்துப் படியில் நூரி புதுச் செருப்போடு நின்றாள். வெண்ணெய் நிறத்தில் குதிகால் உயர்ந்த செருப்பு. தன் தையல் கூலியில் தனக்கென்று அந்த ஆண்டு அவள் வாங்கியது அது ஒன்றுதான்.

"நானும் வர்றேன்," என்றாள். "சந்தையில எறங்கிக்கறேன்."

பாதி ஏற்றத்தில், மூத்த குழிக்குச் சற்று மேலே, பகைவன் கண்ணில் பட்டான். பிக்கப் அசையாது நின்றது. அபேல் இடுப்பில் கைவைத்து அதன் வாயைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். டீசலைத் தராசு வரைக்கும் போதும் என்று அளந்துதான் விட்டிருந்தான். ஏற்றத்தின் செங்குத்தை அளக்க மறந்துபோனான். பின்னால் ஊரே நடந்து வந்துகொண்டிருந்தது, முன்னால் வானம் கறுத்து நின்றது.

எலியோதோரோ நிறுத்தினார். அறம் ஒருபுறம் இழுத்தது, மறம் ஒருபுறம் இழுத்தது. பகைவன் களத்துக்கு வராவிட்டால் இரட்டைப் பங்கும் இல்லை, டின்னும் திறக்காது, சபதமும் பிழைக்கும், வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கினால் போய்விடலாம் என்று மறமல்லாத ஒன்றும் நடுவே இழுத்தது.

"இழுத்துட்டுப் போங்க, பாவம்" என்றாள் நூரி.

பக்கத்துத் தோட்டத்தில் கயிறு வாங்கிக் கட்டினார்கள். சாலைக்கு ஒன்றும் கொடுக்காததாகச் சொல்லப்பட்ட வண்டி சாலைக்குக் கொடுத்த வண்டியை இழுத்துக்கொண்டு, ஓசையேயின்றி, குழிக்குக் குழி நீரைச் சிதறடித்து மேலேறிய அந்தக் காட்சியைக் கண்டு பேட்டை கைதட்டியது. அபேல் திறந்த ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, தன் வண்டி தானே போவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். சந்தை வாசலுக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

போர்க்களம் காண்பீர். நான்கு பக்கமும் கம்பித் தொழுவம். வெள்ளிக்கிழமை ஏலத்தில் நின்றுபோன மாடுகள் விட்டுச்சென்ற சாணம் மழையில் கரைந்து, சேறும் சாணமும் இன்னதென்று பிரித்தறியாத பச்சைக் கடலாய்த் தளும்பியது. நடுவே இரும்புப் பலகைத் தராசு. ஊரார் ஏலக்கூடத்துக் கூரையின் கீழே நெருக்கி நின்றார்கள். ஒலிபெருக்கியைக் கையிலெடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் ரொசிபெல் அமர்ந்தாள்.

முதலில் பிக்கப்பைத் தள்ளி ஏற்றினார்கள். அபேல் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்தான். எண் நின்றது. ரொசிபெல்லின் வாய், இருபதாண்டு வாரந்தோறும் சொன்ன பழக்கத்தில், அவளைக் கேளாமலே தொடங்கியது.

"சாம்பக் காளை. பல்லு தேஞ்சது. நடை தளர்ச்சி. ஆயிரத்து நானூத்தி எண்பது கிலோ. கேக்கறவங்க கேக்கலாம்."

கூரையின் கீழ் கொல்லென்று சிரிப்பு. யாரோ ஒருவர் உண்மையாகவே விலை கேட்டார். அபேலும் சிரித்துவிட்டு இறங்கி, வண்டியைத் தள்ளக் கைகொடுத்தான்.

அடுத்து நம் வீரரின் தேர் தராசை நோக்கி வந்தது. தராசுக்குமுன் நிறுத்தினார். நூரி கதவைத் திறந்தாள். ஒரு காலை வெளியே நீட்டினாள். கீழே பச்சைக் கடல் குமிழியிட்டது; மேலே மழை இறைத்தது. வெண்ணெய் நிறச் செருப்பைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளுக்கு வேறொன்றும் அப்போது தோன்றவில்லை. எலியோதோரோவுக்கும் தோன்றவில்லை, பிக்கப்பைத் தள்ளிவிட்டு மழையில் நின்றவர்கள் சீக்கிரம் ஏறச் சொல்லிக் கத்தினார்கள், தேர் ஏறிவிட்டது.

எண்கள் ஓடின, தயங்கின, நின்றன. ரொசிபெல் குனிந்து படித்தாள்.

"வெள்ளைப் பசு..."

சொல்லியே விட்டாள். ஒலிபெருக்கி அதைத் தொழுவமெங்கும், காப்பித் தோட்டமெங்கும், எதிர்மலை வரை கொண்டுசேர்த்தது. வண்டியைத்தான் சொன்னாள், நிறத்தைத்தான் சொன்னாள், ஆனால் வெள்ளை வண்டிக்குள்ளே, கண்ணாடிக்குப் பின்னே, பூசைக்கு உடுத்திய வெள்ளை ரவிக்கையோடு தோன்யா நூரி உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ரொசிபெல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, ஏலத்தில் என்றுமில்லாத மெல்லிய குரலில், மிச்சத்தைச் சொன்னாள்.

"ஆயிரத்து ஐந்நூத்தி இருபது."

நாற்பது கிலோ. பிறந்து சில நாளான கன்றுக்குட்டியின் எடை. சாரதியல்லாத எவர் ஒருவர், பள்ளிப்பிள்ளையைத் தவிர, அந்த வண்டியிலிருந்து இறங்கினாலும் தீர்ந்துபோகிற எடை. கூரையின் கீழ் நின்ற அத்தனை பேருக்கும் கூட்டல் கழித்தல் தெரியும். கழித்தும் விட்டார்கள். ஆனால் மாட்டுத் தராசின்மேல், அந்தச் சொல்லுக்குப் பிறகு, ஊர் பார்க்க, ஒரு மனுஷியை, கனம் குறையட்டும், கொஞ்சம் இறங்குங்கள் என்று யார் சொல்வது? அபேல் தன் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தை ஆராய்ந்தான்.

ரொசிபெல் தொண்டையைச் செருமினாள்.

"தோன் எலியோ. எழுதறதுக்கு முன்னாடி கேக்கணும். வண்டியில... இருக்க வேண்டாதது எதுவும் இல்லியே?"

ஓ, அந்தக் கணம்! ஒருபுறம் நான்கெழுத்துச் சொல் நாவின் நுனியில் வந்து நின்றது: இறங்கு. சொன்னால் போதும், இரட்டைப் பங்கு போயிற்று, பகை தோற்றது, டின் மூடியபடியே இருக்கும், மாதாவின்முன் தூக்கிய கை தூக்கியபடியே நிற்கும், மீசை வீணாகாது. மறுபுறம் நூரி. அவள் எண்ணைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு, கழுத்து நிமிர்ந்து, காது மட்டும் சிவந்து, மடியில் கைப்பையை இரு கையாலும் பிடித்திருந்தாள். அவளை இப்படி அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நெஞ்சு பொறுக்கவில்லை அவருக்கு.

ஜன்னலை இறக்கினார். தலையை மழையில் நீட்டினார். மீசையற்ற அந்த வாய் திறந்து, பேட்டை கேட்க உரைத்தது:

"உள்ள இருக்கறது எல்லாம் வண்டியோட சேர்ந்ததுதான். எழுதிக்கோங்க."

"இருங்க ரொசிபெல்," என்று அபேல் முன்னே வந்தான். "மழை விடட்டும். இன்னொரு தரம் வேணா..."

"தராசு சொன்னா சொன்னதுதான், தோன் அபேல். நீங்க ஜெயிச்சீங்க" என்றார் எலியோதோரோ.

வென்றவனுக்குத் தன் வண்டியில் திரும்ப டீசல் இல்லை. மழையில் நடக்கச் செருப்பும் சரியில்லை. ஆகவே வெற்றிவாகை சூடிய வேந்தன், தோற்றவன் தேரிலே, பின்னிருக்கை இருக்க வேண்டிய வெறுந்தகட்டின்மேல் குந்தி, இரு கையாலும் முன்னிருக்கையின் முதுகைப் பற்றிக்கொண்டு ஏற்றத்தில் இறங்கினான்.

"மெத்துன்னுதான் போகுது," என்றான் அபேல். "மூத்த குழி வந்ததே தெரியல."

"ஒதுக்கிட்டேன்" என்றார் எலியோதோரோ.

தன் வீட்டு வாசலில் இறங்கிய அபேல் ஜன்னலருகே குனிந்து, தாழ்ந்த குரலில், பெருந்தன்மையின் சிகரத்தில் நின்று சொன்னான்:

"மருந்துக்காரரே, அந்த நாப்பது கிலோவப் பத்தி நான் எங்கயும் வாயே தொறக்க மாட்டேன்."

"எந்த நாப்பது கிலோ, தோன் அபேல்?" என்றாள் நூரி.

அபேல் மழையை நினைவுகூர்ந்தவனாக உள்ளே ஓடினான்.

அன்று மாலை, இரும்பும் எண்ணும் ஊரும் ஒருசேர எதிர்த்தும் தலைகுனியாத அந்தத் தோல்வியின் நாயகர், பின்னிருக்கையை மீண்டும் தேரில் பூட்டுகிற சாக்கில் முற்றத்தின் ஈரத்திலேயே அமர்ந்து, எந்த முகத்தோடு, எந்த முன்னுரையோடு, எவ்வகை உவமைகளை முன்னே அனுப்பி, சபதம் என்னும் பெருமரம் வேரோடு சாய்ந்ததைச் சொல்லி, மூடிய டின்னைத் திறக்கும்படி கேட்பது என்று சொற்களைக் கோத்தும் அறுத்தும், திருகாணிகளை மாட்டியும் கழற்றியும், விளக்கேற்றும் வேளைவரை வாய்திறவாது போராடிக்கொண்டிருக்க, உள்ளே தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பணத்தை அவர் கேட்கவேயில்லை.

திங்கட்கிழமை காலையில் நூரி கூரைப் பணத்தையும் போட்டு இரட்டைப் பங்கைக் கட்டிவிட்டு, வரும் வழியில் ரொட்டி வாங்கி வந்தாள்.